அமிர்தவல்லியின் ஒரு மணி நேரம்

கதிரேசனின் மனச்சோர்வுக்காக ஆஸ்பத்திரி வீட்டுக்குக் கொடுத்திருந்த அதிர்வுக் கட்டிலைச் சோதிக்க டெக்னீஷியன் பெனசீர் வந்திருந்தாள். அதில் படுத்தால் இசை காதுக்கு வராமல் முதுகெலும்புக்குள் இறங்கும்; படுப்பவரின் சோர்வையும் அது தினம் அளந்து பதியும். தினம் ஒரு மணி நேரம் படுக்காவிட்டால் கட்டில் வேறு நோயாளிக்குப் போய்விடும்.

"நாப்பது நாளும் தவறாம படுத்திருக்கீங்க சார். நல்ல முன்னேற்றம்." கட்டிலோரத்துச் சின்னத் திரையைப் படித்துச் சொன்னாள் பெனசீர்.

கதிரேசன் சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "நான் ஒரு நாள்கூடப் படுக்கலம்மா."

அவர் மனைவி அமிர்தவல்லி கரண்டியோடு அடுப்படியிலிருந்து வந்தாள். "இவர் மாட்டேன்னுட்டார். நீங்க கட்டிலைத் தூக்கிட்டுப் போயிடுவீங்களேன்னு நான்தான் படுத்தேன். தப்புதான்."

பெனசீர் கட்டிலின் திரையை மறுபடி பார்த்தாள். "முதல் நாள் கணக்குப்படி, படுத்தவங்களுக்குச் சோர்வு ரொம்பக் கடுமை. உங்களுக்கு எத்தனை வருஷமாம்மா இப்படி?"

"எனக்கென்ன, நான் நல்லாத்தானே..."

கதிரேசன் திரும்பி அவளைப் பார்த்தார். பல மாதங்களுக்குப் பிறகு, யாரும் சொல்லாமல் எழுந்தார். அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டார்.

"குழம்பை நான் பாத்துக்கறேன். நீ போய்ப் படு. இன்னிக்கு இன்னும் படுக்கலையே."