மூன்றாவது இன்ஸ்டால்

உயிரைவிட்ட பழைய டிஸ்க் மேஜை ஓரமாகக் கிடக்க, தங்கையின் லேப்டாப்பில் மாட்டிய புது எஸ்எஸ்டியில் ஆபரேட்டிங் சிஸ்டத்தை மூன்றாவது தடவையாக ஏற்றுகிறேன். இரண்டு தடவையும் எண்பத்தேழு சதவீதத்தில் நின்று கழுத்தறுத்துவிட்டது. வெயில் திரையில் விழுந்து எண்ணை மறைக்கிறது; உள்ளங்கையால் நிழல் பிடித்துப் பார்க்கிறேன். "அண்ணா, என் ஆய்வேடு பத்திரமா இருக்குல்ல?" "உயிரை வாங்காதே. டிஸ்க் சாகிறதுக்கு முன்னாடியே பென்டிரைவ்ல எடுத்து வெச்சுட்டேன்." "எங்கே, அதைக் கொடேன்." வீட்டில் இருப்பதே ஒரு பென்டிரைவ்தான். காலையில் நானே அதைச் சுத்தமாக அழித்து, இந்த இன்ஸ்டாலுக்காகத் தயார் செய்தேன். லேப்டாப்பின் பக்கவாட்டில் அது நீலமாகச் சிமிட்டிக்கொண்டிருக்கிறது. எண்பத்தெட்டு. தொண்ணூறு. நூறு. திரையில் 'வரவேற்கிறோம்' என்ற எழுத்துகள் மெல்லத் தெளிகின்றன. "வந்துடுச்சுண்ணா!" என்று தங்கை கைதட்டுகிறாள்.