ஊற்றுத் தவளையின் கட்டம்

“இந்தப் படத்துல எங்க ஊத்துத் தவளை எங்க இருக்கு, அக்கா?” என்று ஒரு மலைக்கிராமத்துச் சிறுமி வரைபடத்தைப் பார்த்து ஒருமுறை கேட்டாள். மலையைக் கட்டங்களாகப் பிரித்து உயிர்களை எண்ண வந்திருந்த ஜெபமணி, நாளைக்கு எண்ணிவிட்டுச் சொல்வதாகச் சொன்னாள். அன்றே ஜெபமணிக்குக் காய்ச்சல் கண்டது. சிறுமியின் அப்பா பூதத்தான் அவளை முதுகில் சுமந்து ஏழு மைல் இறங்கினார். “இந்த நோட்டையெல்லாம்கூடத் தூக்கணுமாம்மா? உங்களைவிட அதுதான் கனம்” என்று வழியெல்லாம் சிரித்தார். ஊற்று இருந்த கட்டம் எண்ணப்படாமலே நின்றது; அதை வெறுமையாக விடப் படிவத்தில் வழியில்லை. ஜெபமணி பூஜ்யம் என்று எழுதிக் கொடுத்தாள்.

எட்டு ஆண்டுகள் கழித்து, முதலில் காக்க வேண்டிய இடங்களின் வரைபடம் தயாரானது. காக்க வேண்டிய கட்டங்கள் சுற்றிலும் சிவப்பாக இருக்க, ஊற்று இருந்த அந்த ஒரு கட்டம் மட்டும் வெள்ளையாக இருந்தது. அங்கே கல் உடைக்க அனுமதி கேட்டு மனுவும் வந்திருந்தது.

“திங்கட்கிழமை படம் போயாகணும். ஒரு கட்டம்தானே மேடம், அடுத்த தடவை பாத்துக்கலாம்” என்றார் உடன் வேலை செய்யும் அன்வர்.

“அடுத்த தடவை வரைக்கும் மலை இருக்கணுமே, அன்வர்.”

சனிக்கிழமை அவள் தனியாக மலையேறினாள். தேனெடுக்கும் காலம், பூதத்தானின் வீடு சாத்தியிருந்தது. ஊற்றங்கரையில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பொழுது சாயும்வரை தவளைகளை எண்ணினாள். மறுநாள் ஆராதனை முடிந்ததும், ஆளில்லாத அலுவலகத்தில் உட்கார்ந்து, பூஜ்யத்தை அழித்துப் பதினேழு என்று எழுதினாள். எட்டு ஆண்டுகளுக்கு முன் எண்ணாமலே பூஜ்யம் எழுதியதாக ஒரு குறிப்பையும் தன் பெயரிலேயே சேர்த்தாள். கட்டம் சிவந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பினாள்.