ஜஸ்டினியனின் கடற்கரை

"ஜஸ்டினியனா? கௌன் ஹை யே?" என்று அதிகாரி கேட்டபோது, வக்கீல் உமா மகேஸ்வரிக்கு மேசையில் ஓங்கி அடிக்கலாம் போலிருந்தது.

அடக்கிக்கொண்டு இந்தியிலேயே விளக்கினாள். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் கான்ஸ்டான்டினோபிளில் ஆண்ட பேரரசர். சிதறிக் கிடந்த ரோமானியச் சட்டங்களை ஒன்றாகத் தொகுக்க வைத்தவர். பல தேசங்களின் சட்டம் இன்றும் அந்தத் தொகுப்பின் மேல்தான் நிற்கிறது.

காற்று, ஓடும் நீர், கடல், கடற்கரை எல்லாம் மனிதர் அனைவருக்கும் பொது என்று அதில் இருக்கிறது. அப்படியிருக்க, ஒரு ரிசார்ட் எப்படிக் கரையை மறித்துக் கம்பிவேலி போடலாம்?

அதிகாரி போனில் கப்பல் டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

இது மூன்றாவது விசாரணை. முதல் இரண்டு முறையும் எதிர்த்தரப்பு வக்கீல் மெயின்லேண்டிலிருந்து இந்தத் தீவுக்கு வந்து சேரவில்லை என்று தள்ளிப்போட்டார்கள்.

உமா திரும்பிப் பார்த்தாள். பின்வரிசையில் மருதாயி. கருவாடு காயவைத்துப் பிழைப்பவள். வேலி வந்தபின் அவளுக்குக் கரைக்கு வழியில்லை. அவளுக்காகத்தான் இத்தனை கத்தலும். அவளோ ஒரு தலையசைப்புக்கூட இல்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் நிதானமாக எழுந்தார். ஜஸ்டினியன் தொகுத்த அதே சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது என்றார். கரையில் ஒருவன் கட்டடம் எழுப்பினால், அது நிற்கும்வரை அந்த இடம் அவனுடையது. இடிந்து விழுந்தால் மறுபடியும் பொது.

அதை மட்டும் அதிகாரி குறித்துக்கொண்டார்.

வேலி எப்படிக் கட்டடமாகும் என்று உமா கேட்டு முடிப்பதற்குள் அவர் தேநீருக்கு எழுந்துவிட்டார். அடுத்த மாதம் வரச் சொன்னார்கள்.

வராந்தாவில் உமாவின் கோபமெல்லாம் மருதாயி மேல் திரும்பியது.

"ஏங்க்கா, தொண்டை வறள நான் பேசிக்கிட்டிருக்கேன். உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?"

மருதாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மெல்லக் கேட்டாள்.

"வீடு விழுந்துட்டா எடம் பொதுவாயிரும்னு அந்த ராசா சொன்னாராமே. சுனாமில விழுந்த வீட்டுக்கும் அதானா மேடம்?"

உமாவுக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

"இப்ப நீச்சல் குளம் கட்டியிருக்காங்களே, அங்கதான் எங்க வீடு இருந்திச்சு. நீங்க கரைக்குப் போக வழி வேணுமான்னு கேட்டீங்க. ஆமான்னேன்."

மனுவிலும் இன்றைய விசாரணையிலும் உமா வாதாடியது ஒன்றே ஒன்றுதான்: அந்த இடம் எவருக்கும் சொந்தமாக இருந்திருக்கவே முடியாது.