கொட்டு யாருக்கு?

அம்மன் கோயில் வாசலில் யானையும், நேர்ந்துவிட்ட கிடாவும் நின்றிருந்தன. பறை முழங்க, தெருமுனையில் ஒரு கூட்டம் திரும்பியது.

“ஆசீர்வாதம் வாங்க வர்றாங்க” என்று யானை துதிக்கையைத் தூக்கி வைத்துக்கொண்டது.

“இல்லக்கா. கொட்டோட வந்தா என்னை வெட்டத்தான் வருவாங்க” என்று கிடா அதன் காலுக்குப் பின்னால் ஒண்டியது.

கூட்டம் இரண்டையும் திரும்பிக்கூடப் பார்க்காமல் நகராட்சி அலுவலகப் பக்கம் போனது. கடைசியாகப் போன பெண்ணின் இடுப்பிலிருந்த காலிக் குடத்தைக் கிடா விசாரித்தது.

“ஒன்பது நாளா ஊருக்குத் தண்ணி வரலை. அதான், கேக்கப் போறோம்” என்றது குடம்.

“இதுக்கா இவ்வளவு நேரம் நடுங்கினேன்” என்று கிடா சலித்துக்கொண்டது.

தூக்கிய துதிக்கையை இறக்க யானைக்கு வெட்கமாக இருந்தது. “நமக்குச் சம்பந்தமில்லாத கூட்டம்” என்று முனகியபடி அதைத் தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டது.

தொட்டி காய்ந்து கிடந்தது.