மூன்று வாய்க்கு ஒரு அடாப்டர்

மணி பதினொன்றாக இன்னும் பத்து நிமிடம். பதினொன்றுக்கு எனக்கு வீடியோவில் வேலை நேர்காணல். சாப்பாட்டு மேசையில் என் கணவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஒரு பெட்டிக்குள் தலையை விட்டிருக்கிறார். புதிதாக வாங்கிய பன்னிரண்டு வோல்ட் அடாப்டர் ஒன்றே ஒன்று. அதிலிருந்து ரௌட்டருக்குப் பன்னிரண்டு, ஸ்பீக்கருக்கு ஒன்பது, கேமராவுக்கு ஐந்து என்று பிரித்துக் கொடுக்கும் பெட்டியாம். மூன்று நாள் தவம். கேமராவைச் செருகினால் ரௌட்டரின் பச்சை விளக்கு அணைகிறது. பிடுங்கினால் ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி எரிகிறது. ஈயம் பற்றவைத்த புகை நான் இஸ்திரி போட்டு மாட்டியிருக்கும் சட்டையில் ஏறுகிறது. பெட்டிக்குள் கொதிக்கும் ஐ.சி. சில்லைத் தொட்டுவிட்டு விரலை வாயில் வைத்துக்கொள்கிறார். "ஒருத்தன் சம்பளத்துல மூணு பேர் சாப்பிட்டா கொஞ்சம் இழுபறியாத்தான் இருக்கும்," என்கிறார், பக்கத்து வீட்டுக் கதையைச் சொல்வதுபோல. "உங்க பெட்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம். பழைய அடாப்டர் மூணையும் எடுத்துக் குடுங்க, போதும்," என்கிறேன். அவர் பார்வை மெல்லக் குப்பைக்கூடைக்குப் போகிறது. அங்கே வால் நறுக்கிய மூன்று அடாப்டர்கள் கிடக்கின்றன. "பின்னே, பெட்டிக்கு வயரு எங்கேர்ந்து வந்துச்சுன்னு நினைச்ச?"