பெல் அடிக்கட்டும்

டங்கென்று ஸ்டீல் தட்டு தரையில் விழுந்து உருண்டது. நர்ஸ் நாக்கைக் கடித்துக்கொண்டு குனிந்தாள்.

கட்டிலில் கண்ணயர்ந்திருந்த குட்டி திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தாள். ஆறு வயது. அம்மாவைப் பார்த்துச் சுண்டுவிரலை உயர்த்தினாள். அம்மா தலையசைத்த பிறகுதான் இறங்கி, நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினாள்.

“ஸ்கூல் பழக்கம் இங்க வரைக்கும் வந்துடுச்சு” என்று சிரித்தார் டாக்டரம்மா. அம்மா சிரிக்கவில்லை.

இந்த வருஷத்தில் குட்டிக்கு இது மூன்றாவது காய்ச்சல். ஒவ்வொரு தடவையும் சிறுநீரில் கிருமி. வழக்கமாகப் பார்க்கிற டாக்டர் கையை விரித்துவிட்டு, சிறுநீரகத்துக்கென்றே இருக்கும் இந்த டாக்டரம்மாவிடம் அனுப்பியிருந்தார். இன்றுதான் முதல் தடவை வருகிறார்கள்.

டாக்டரம்மா அவர்கள் கொண்டுவந்திருந்த எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டி, பேனாவால் தொட்டுக் காட்டினார். கீழே போகவேண்டிய சிறுநீர் கொஞ்சம் இடது சிறுநீரகத்துக்கே திரும்பி ஏறுகிறதாம். பிறவியிலேயே வந்தது, யார் தப்பும் இல்லை, வளர வளரச் சரியாகவும் வாய்ப்புண்டு என்றார். அம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

“ஆனா அடக்கவே கூடாது. தேங்கினா கிருமி பெருகும், மேல ஏறும். இப்பவே லேசாத் தழும்பு விழுந்திருக்கு. இப்படியே போனா இந்தக் கிட்னி சுருங்கிடும். அடக்குறாளா?”

“வீட்ல இல்ல டாக்டர்.” அம்மா குட்டி போன பக்கம் பார்த்தாள்.

திரும்பி வந்த குட்டியை டாக்டரம்மா பக்கத்தில் இழுத்துக்கொண்டார். “ஸ்கூல்ல ஒண்ணுக்கு வந்தா என்ன பண்ணுவ செல்லம்?”

குட்டி அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். “விரல் காட்டுவேன். பெல் அடிக்கட்டும்னு டீச்சர் சொல்வாங்க. எல்லாருக்கும் அப்படித்தான். எனக்கு மட்டும் ஸ்பெஷல் கிடையாதாம்.” பிறகு அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். “ஆனா எங்க டீச்சர் நல்லவங்க.”

டாக்டரம்மாவுக்கு எப்போதுமே கோபம் மூக்கு நுனியில். குட்டி காய்ச்சலிலும் விடாமல் தூக்கி வந்திருந்த பையில் பள்ளிக்கூடத்தின் நம்பர் அச்சடித்திருந்தது. போனை எடுத்து மளமளவென்று அழுத்தினார்.

அம்மா பதறி எழுந்தாள். “வேண்டாம் டாக்டர். நான் பார்த்துக்கறேன்.”

“மூணு காய்ச்சல் வர்ற வரைக்கும் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? ஒரு டீச்சருக்கா இவ்ளோ பயம்? உங்களுக்கு வாய் வரலைன்னா நான் பேசறேன்.”

குட்டி நகர்ந்து வந்து அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்பீக்கரில் பள்ளிக்கூட ஆபீஸ் பெண் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் டாக்டரம்மா பொரிந்து தள்ளினார். “ஒண்ணாம் கிளாஸ் டீச்சரைக் கூப்பிடுங்க. அவங்க கண்டிப்பால ஒரு குழந்தைக்குக் கிட்னியே போயிடும் போல இருக்கு. அது அவங்களுக்குத் தெரியணும்.”

ஆபீஸ் பெண் ரிஜிஸ்டரைப் புரட்டும் சத்தம் கேட்டது.

“டீச்சர் இன்னைக்கு லீவுங்க. அவங்க பொண்ணுக்குத் திரும்பவும் காய்ச்சல்னு கிட்னி டாக்டரைப் பார்க்கப் போயிருக்காங்க.”