பூனைக்கண் கண்ணாடி

என் கணவரைத் தூக்கும் முன் என் பூவை எடுத்தார்கள், வளையலை உடைத்தார்கள். பிறகு அவருடைய அக்கா என் கண்ணாடியில் கை வைத்தாள். சிவப்பு பிரேம். இரு ஓரமும் பூனைக்கண் போல மேலே தூக்கியிருக்கும். மூலையில் வெள்ளைக் கற்கள்.

"இதையும் கழத்திரு, கோமு. இனி எதுக்குச் சிங்காரம்?"

"இது இல்லன்னா அவுக மொகம் எனக்குத் தெரியாது, மதினி. பாக்காமலா அனுப்பி வைக்க?"

அவள் கை இறங்கியது. நான் குனிந்து, மீசையின் ஒற்றை நரை வரைக்கும் அவரைப் பார்த்தேன்.

கண்ணாடியைப் பிறகும் நான் மாற்றவில்லை. போன வாரம், கண் ஆபரேஷன் முடிந்த மதினியைக் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனேன். காட்டிய பிரேம்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு, கடைக்காரரிடம் என் முகத்தைக் காட்டினாள்.

"இவ போட்டிருக்கது மாதிரி எடுங்க."

"சிங்காரமா, மதினி?"

"சும்மா கெட. கல்லு வச்சதா எடுங்க, தம்பி."